கடலுக்குள் இறங்குமுன்: ஸ்கூபா பயணம் குறித்த வாசகர் கேள்விகள்

துணை வெப்பமண்டலத் தீவு ஒன்றுக்குப் போய் ஸ்கூபா டைவிங் செய்யத் திட்டமிட்டிருக்கும் வாசகர்கள் பலர் இம்முறை எழுதியிருக்கிறார்கள். சிலர் ஏற்கெனவே சான்றிதழ் பெற்றவர்கள், சிலர் இன்னும் நீச்சல் குளத்தைத் தாண்டாதவர்கள். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் அவற்றை ஒரே கேள்வியாக இணைத்திருக்கிறேன். உடல்நலம் தொடர்பாக நான் சொல்வது பொதுவான நடைமுறை மட்டுமே. உங்களை நேரில் சோதித்துப் பார்க்கும் மருத்துவரின் சொல்லே முடிவானது.

கேள்வி: நானும் என் மனைவியும் ஓபன் வாட்டர் என்ற அடிப்படை டைவிங் சான்றிதழ் பெற்றவர்கள். ஜப்பானின் ஒகினாவா, அட்லாண்டிக் கடலின் பெர்முடா, கேனரி தீவுகள் ஆகியவற்றுள் ஒன்றுக்குப் போக எண்ணியிருக்கிறோம். எந்த மாதம் போவது நல்லது?

பதில்: தீவை முதலில் வைத்துக்கொண்டு மாதத்தைத் தேடுகிறீர்கள். கடலுக்குள் எதைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்பதை இருவரும் முதலில் பேசி முடிவு செய்யுங்கள் என்பேன். அது முடிவானால் மாதமும், பெரும்பாலும் தீவும், தானாகவே அமைந்துவிடும். ஒகினாவாவை அடுத்த கெராமா தீவுகளுக்குக் கூன்முதுகுத் திமிங்கலங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை வருகின்றன; அந்த மாதங்களில் நீருக்கடியில் இருக்கும்போது, திமிங்கலம் கண்ணில் படாவிட்டாலும் அதன் பாடல் எங்கிருந்தோ வந்து நெஞ்சுக்கூட்டில் அதிர்வதை உணரலாம். அதே ஒகினாவா பகுதியின் யோனாகுனி தீவில் சம்மட்டித் தலைச் சுறாக்கள் கூட்டமாகத் திரிவதும் குளிர்காலத்தில்தான், ஆனால் அங்கே நீரோட்டம் வலுவானது என்பதால் புதியவர்களுக்கு அந்த இடத்தை நான் சொல்ல மாட்டேன். கேனரி தீவுகளில் மணலுக்குள் தன்னைப் புதைத்துக்கொண்டு கண்களை மட்டும் வெளியே காட்டிக் கிடக்கும் தேவதைச் சுறாவைக் காணவும் குளிர்காலமே ஏற்றது. அழிவின் விளிம்பில் இருக்கும் அந்த இனத்துக்கு எஞ்சியிருக்கும் முக்கியமான புகலிடங்களுள் அத்தீவுகள் ஒன்று. பவளப் பாறைகளையும் வெதுவெதுப்பான நீரையும் மட்டுமே விரும்பினால் கோடைக்காலம் போதும்.

அடுத்தது நீரின் வெப்பநிலை. நிலநடுக்கோட்டை ஒட்டிய தீவுகளில் ஆண்டு முழுவதும் கடல் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். துணை வெப்பமண்டலத்தில், அதாவது கடக, மகர ரேகைகளுக்கு அப்பால் சுமார் 35ஆம் அட்சரேகை வரையுள்ள பகுதியில், அப்படி இருப்பதில்லை. ஒகினாவாவில் பிப்ரவரி மாதத்தில் 21 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும் நீர் ஆகஸ்டில் 29 வரை ஏறுகிறது. பெர்முடாவில் குளிர்காலத்தில் 18 அல்லது 19, கோடையில் 28. கேனரி தீவுகள் 28ஆம் வட அட்சரேகையிலும் பெர்முடா 32ஆம் வட அட்சரேகையிலும் இருந்தாலும், கோடையில் பெர்முடாவின் கடல்தான் அதிக வெதுவெதுப்பானது. அதற்கு வளைகுடா நீரோட்டம் அருகே பாய்வது காரணம். கேனரியை வடக்கிலிருந்து வரும் குளிர் நீரோட்டம் தழுவுவதால் செப்டம்பரில்கூட அங்கே 23, 24 பாகைக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆகவே வரைபடத்தில் தீவின் இருப்பிடத்தை மட்டும் பார்த்து வெப்பநிலையை ஊகிக்காதீர்கள். கடல், காற்றைவிட மெதுவாகவே சூடேறி மெதுவாகவே குளிரும் என்பதால், நிலத்தில் வசந்தம் வந்த பிறகும் மார்ச் மாதக் கடல் சில்லென்றே இருக்கும்.

நீர் மிகவும் இதமாக இருக்கும் மாதங்களிலேயே புயல்களும் வருகின்றன, ஏனெனில் புயலுக்கு ஊட்டம் தருவதே அந்தச் சூடான நீர்தான். ஒகினாவாவைச் சூறாவளிகள் அதிகம் தாக்குவது ஜூலை முதல் அக்டோபர் வரை. அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. பவளமே உங்கள் விருப்பம் என்றால், என் தேர்வு ஒகினாவாவும் நவம்பர் முதல் வாரங்களும். பெரும்பாலான புயல்கள் கடந்து போயிருக்கும், கோடையின் சூடு கடலில் இன்னும் மிச்சமிருக்கும்.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியும், டைவிங் தெரியாது. பத்து நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. தீவுக்குப் போய் அங்கேயே கற்றுக்கொள்ளலாமா?

பதில்: கற்றுக்கொள்ளலாம். ஆனால் முழுப் பயிற்சியையும் அங்கே வைத்துக்கொண்டால், விடுப்பில் மூன்று நான்கு நாட்கள் வகுப்பிலும் நீச்சல் குளத்திலும் போய்விடும். ஓபன் வாட்டர் பயிற்சியில் பாடம், குளப் பயிற்சி, கடலில் நான்கு முக்குளிப்புகள் என மூன்று பகுதிகள் உண்டு. முதல் இரண்டையும் இருக்கும் ஊரிலேயே முடித்துவிட்டு, அதற்கான சான்றுக் கடிதத்துடன் சென்று கடல் பகுதியை மட்டும் தீவில் முடிக்கப் பெரிய பயிற்சி அமைப்புகள் அனைத்தும் வழிசெய்கின்றன. அதையே உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். இந்தச் சான்றிதழுடன் 18 மீட்டர் ஆழம் வரை செல்லலாம். சான்றிதழ் இல்லாமல் ஒருநாள் அனுபவமாக மட்டும் இறங்கிப் பார்க்க விரும்பினால், பயிற்றுநரின் நேரடிக் கண்காணிப்பில் 12 மீட்டர் வரை கூட்டிச் செல்வார்கள்.

குளத்தில் கற்க வேண்டியவற்றுள் பலரைத் திணறடிப்பது, மாஸ்க்குக்குள் வேண்டுமென்றே நீரை நிரப்பி, பிறகு அதை வெளியேற்றும் பயிற்சி. மூக்கருகே நீர் வந்ததும் உடல் மூச்சை அடைத்துக்கொண்டு மேலே தாவப் பார்க்கும். மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு சேர்த்து இரு விரல்களால் அழுத்தி, தலையைச் சற்று நிமிர்த்தி, மூக்கின் வழியே நிதானமாக ஊதினால், உள்ளே நுழையும் காற்று நீரைக் கீழ் விளிம்பு வழியாகத் தள்ளிவிடும். கலக்கம் இல்லாமல் இதைச் செய்ய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கடலில், அலைக்கு நடுவே, குளிரில் இதை முதன்முதலாகச் செய்து பார்க்க நேரக் கூடாது என்பதே குளப் பயிற்சியை முன்கூட்டியே முடிக்கச் சொல்வதற்கு முதன்மையான காரணம்.

கேள்வி: ஒருமுறை 12 மீட்டர் அனுபவ டைவிங்கில் இறங்கியபோது காது தாங்க முடியாமல் வலித்தது, பாதியிலேயே மேலே வந்துவிட்டேன். என் காதுகளே இதற்கு ஒத்துவராதவையோ?

பதில்: அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. நீர்மட்டத்தில் இருந்த அழுத்தம் 10 மீட்டரில் இரு மடங்காகிறது, 20 மீட்டரில் மும்மடங்காகிறது. விகித அளவில் பார்த்தால் மிகப் பெரிய மாற்றம் முதல் 10 மீட்டரிலேயே நிகழ்ந்துவிடுவதால், காதுவலிக்காரர்கள் பெரும்பாலும் மூன்று, நான்கு மீட்டரிலேயே தவிக்கிறார்கள். செவிப்பறைக்குப் பின்னால் உள்ள அறையையும் தொண்டையையும் இணைக்கும் யூஸ்டேசியன் குழாய் திறந்து, காற்று உள்ளே சென்றால்தான் இரு பக்க அழுத்தமும் சமமாகும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மென்மையாக ஊதுவது இதற்குத் தெரிந்த வழி. மூக்கைப் பிடித்தபடி எச்சில் விழுங்குவது இன்னொரு வழி, சிலருக்கு இதுவே எளிது.

நீங்கள் செய்திருக்கக்கூடிய பிழை, வலி வந்த பிறகு ஊதியதாக இருக்கலாம். வலிக்கும் நேரத்தில் அந்தக் குழாயின் வாய் ஏற்கெனவே அழுந்தி மூடியிருக்கும். அதன்பின் எவ்வளவு பலமாக ஊதினாலும் திறக்காது, பலமாக ஊதுவது உள்காதுக்கு ஆபத்தும்கூட. நீர்மட்டத்திலேயே ஒருமுறை செய்யுங்கள், பிறகு அரை மீட்டருக்கு ஒருமுறை, வலி தோன்றும் முன்பே செய்துகொண்டே இறங்குங்கள். தலைகீழாக அல்லாமல் கால்கள் கீழே இருக்குமாறு, நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் வேகம் உங்கள் கையில் இருக்கும். அடைத்துக்கொண்டால் ஒரு மீட்டர் மேலேறி மறுபடி முயலுங்கள். பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது உங்கள் நிலையில் அவசியம்.

சளி பிடித்திருந்தால் அன்று இறங்கவே கூடாது. மூக்கடைப்பு நீக்கும் மருந்தைப் போட்டுக்கொண்டு இறங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மருந்தின் வீரியம் நீருக்கடியில் தீர்ந்துவிட்டால், உள்ளே விரிவடையும் காற்று வெளியேற வழியின்றி, மேலே வரும்போது வலி தொடங்கும். இறங்கும்போது வலித்தால் திரும்பிவிடலாம், ஏறும்போது வலித்தால் திரும்புவதற்கு இடமில்லை. சிலிண்டரில் காற்று முடிவதற்குள் மேலே வந்தே ஆக வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 52. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன், சிறுவயதில் ஆஸ்துமா இருந்தது. மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றையும் எழுதினால் அனுமதிக்க மாட்டார்கள் என்கிறார் நண்பர்.

பதில்: நண்பரின் யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். படிவத்தில் 'ஆம்' என்று எழுதினால் உடனே மறுத்துவிடுவார்கள் என்பது தவறான எண்ணம். மருத்துவரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும் என்பதே அதன் பொருள். கட்டுக்குள் இருக்கும் இரத்த அழுத்தத்தோடு டைவிங் செய்பவர்கள் ஏராளம். ஆனால் நீரில் மூழ்கியதும் கால்களில் இருந்த இரத்தம் மார்புப் பகுதிக்கு நகர்ந்து இதயத்தின் சுமையைக் கூட்டுகிறது. நடுத்தர வயதைத் தாண்டிய டைவர்களின் மரணங்களில் இதயக் கோளாறுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆஸ்துமாவில் உள்ள ஆபத்து வேறு வகையானது. சுருங்கிய மூச்சுக்குழல் ஒன்றில் காற்று சிக்கிக்கொண்டால், 10 மீட்டரிலிருந்து நீர்மட்டத்துக்கு வருவதற்குள் அது இரு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழிக்கலாம். இதய அழுத்தப் பரிசோதனையும் நுரையீரல் செயல்திறன் பரிசோதனையும் செய்துகொண்டு, பயணச்சீட்டு வாங்கும் முன்பே மருத்துவரின் முடிவைத் தெரிந்துகொள்ளுங்கள். தீவுக்குப் போய் இறங்கிய பிறகு படிவத்தைப் பார்த்துத் திகைப்பவர்களே, பொய் எழுதும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள்.

கேள்வி: கருவிகளை வாங்க வேண்டுமா, வாடகைக்கு எடுக்கலாமா?

பதில்: மாஸ்க்கும், ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரும் சொந்தமாக இருக்கட்டும். சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர், காற்றை நிரப்பி மிதப்பைச் சரிசெய்யும் மிதவைச் சட்டை, சிலிண்டர், ஈய எடைகள் ஆகியவற்றை வாடகைக்கு எடுங்கள். மாஸ்க் வாங்கும்போது, பட்டையை மாட்டாமல் முகத்தில் ஒட்டி வைத்து, மூக்கால் லேசாகக் காற்றை உள்ளிழுத்துக் கையை எடுத்துப் பாருங்கள். அது விழாமல் நிற்க வேண்டும். மீசை இருப்பவர்களுக்கு மூக்கின் கீழ் விளிம்பில் நீர் கசியும். அந்த இடத்தை மட்டும் சற்று மழித்துக்கொண்டாலே போதும். புதிய மாஸ்க்கின் கண்ணாடியில், செய்யும்போது படிந்த மெல்லிய படலம் ஒன்று இருக்கும். வெள்ளைப் பற்பசையை இட்டு விரலால் இருபுறமும் பலமுறை தேய்த்துக் கழுவாவிட்டால், முதல் முக்குளிப்பு முழுவதும் பனிமூட்டத்துக்குள் இருந்தது போலத்தான் முடியும். கண்ணாடி அணிபவர்கள் தங்கள் பார்வைத் திறனுக்கேற்ற வில்லை பொருத்திய மாஸ்க்கை வாங்கலாம். டார்ச், கேமரா ஆகியவற்றின் உதிரி லித்தியம் பேட்டரிகள் விமானத்தில் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

குளிரைத் தடுக்க உடலோடு ஒட்டி அணியும் ரப்பர் உடையான வெட்சூட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடலின் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. 27 பாகைக்கு மேல் 3 மில்லிமீட்டர் தடிமன் போதும். 22 முதல் 26 வரை 5 மில்லிமீட்டர். அதற்கும் கீழே 7 மில்லிமீட்டரும் தலைக்கவசமும் வேண்டும். ஒருமுறை 21 பாகை நீரில், கிடைத்த 3 மில்லிமீட்டர் சூட்டை, அதுவும் ஓர் அளவு பெரியதை, அணிந்துகொண்டு இறங்கினேன். முதல் முக்குளிப்பு சமாளிக்கக்கூடியதாக இருந்தது. இரண்டாவதில் இருபதாவது நிமிடத்தில், அசையும்போதெல்லாம் கழுத்து வழியே குளிர்நீர் முதுகில் ஓடியது. மிதவைச் சட்டையில் காற்றை நிரப்பும் பொத்தானை அழுத்த விரல் வளையவில்லை. உடனே என்னோடு இணைந்து இறங்கிய டைவருக்குச் சைகை காட்டி மேலே வந்துவிட்டோம். குளிர், சுகக்குறைவோடு நிற்பதில்லை. கையையும் யோசனையையும் மந்தமாக்குகிறது. உடலோடு ஒட்டாத வெட்சூட் எவ்வளவு தடிமனாக இருந்தும் பயனில்லை. தடிமன் கூடினால் மிதக்கும் தன்மையும் கூடும், ஆகவே ஈய எடையை மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏழு நாள் பயணத்தில் எத்தனை நாட்கள் டைவிங் செய்யலாம்? கடைசி நாளை மலை ஏறிப் பார்க்க வைத்திருக்கிறோம்.

பதில்: மலையைக் கடைசி நாளுக்கு வைத்தது பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. ஆழத்தில் அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசிக்கும்போது, அதிலுள்ள நைட்ரஜன் திசுக்களில் கரைந்து தங்குகிறது. மேலே வந்த பின்னும் முழுவதும் வெளியேறப் பல மணி நேரம் பிடிக்கும். அதற்குள் குறைந்த அழுத்தமுள்ள உயரத்துக்குச் சென்றால், அது குமிழிகளாகி மூட்டுவலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டுவிடலாம். விமானத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்: ஒரே ஒரு முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம், பல முக்குளிப்புகளுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே பறக்க வேண்டும். நான் எப்போதும் 24 மணி நேரம் விடுகிறேன். ஆனால் மலையும் விமானமும் உடலுக்கு ஒன்றே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். துணை வெப்பமண்டலத் தீவுகள் பல எரிமலைத் தீவுகள். கடலும் உச்சியும் ஒரு மணி நேரக் கார் பயணத் தொலைவில் இருக்கின்றன. அட்லாண்டிக் தீவான மதெய்ராவில் 1,818 மீட்டர் உயரமுள்ள பிகோ டோ அரியெய்ரோ சிகரம் வரை சாலை போகிறது. கேனரி தீவுகளுள் ஒன்றான டெனெரிஃபில் தெய்தே சிகரத்துக்கான கம்பிவட வண்டி 2,356 மீட்டரில் புறப்பட்டு 3,555 மீட்டரில் நிற்கிறது. காலையில் கடலில் இறங்கிவிட்டு மாலையில் அங்கே போவது, டைவிங் முடித்த கையோடு விமானம் ஏறுவதற்குச் சமம், கம்பிவட வண்டியில் போனால் அதைவிடவும் மோசம். 600 மீட்டரைத் தாண்டும் எந்த உயரத்துக்கும் விமானத்துக்கான இடைவெளியையே கடைப்பிடியுங்கள். முந்தைய நாள் நண்பகலோடு டைவிங்கை முடித்துக்கொண்டால், நீங்கள் வகுத்தபடியே கடைசி நாள் மலைக்குப் போகலாம். முந்தைய நாள் மாலை வரை முக்குளித்துவிட்டு மறுநாள் விடிகாலையில் உச்சிக்குப் புறப்படுவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

எனவே திட்டத்தைத் திரும்பும் நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஏழாம் நாள் விமானம் என்றால் ஆறாம் நாள் மலை, ஐந்தாம் நாள் காலையோடு டைவிங் முடிவு. வந்திறங்கும் முதல் நாள் தூக்கமும் தண்ணீரும் போதாமல் உடல் களைத்திருக்கும், அன்று வேண்டாம். இரண்டாம் நாள் கரையோரமாக ஆழமில்லாத இடத்தில் ஒன்று, பிறகு மூன்றாம், நான்காம் நாட்களில் நாளுக்கு இரண்டு. அலை அதிகமாகி ஒரு நாள் படகு புறப்படாமல் போகலாம் என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஏழு நாட்களில் ஐந்து அல்லது ஆறு முக்குளிப்புகள் நிறைவான எண்ணிக்கை.

ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் போன்ற தீவு மனதில் இருந்தால் முன்பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். உலகின் தென்கோடிப் பவளப் பாறைத் திட்டுகளுள் ஒன்றைக் கொண்ட அத்தீவில், ஒரே நேரத்தில் 400 பயணிகளுக்கு மேல் தங்க அனுமதி இல்லை.

கேள்வி: ஒரு சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்?

பதில்: ஆழத்தைப் பொறுத்தது. 11 லிட்டர் சிலிண்டரை 200 பார் (ஒரு பார் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அளவு) அழுத்தத்தில் நிரப்பினால், 2,200 லிட்டர் காற்று இருக்கும். 50 பார் மிச்சத்தோடு மேலே வர வேண்டும் என்பதால், பயன்படுவது 1,650 லிட்டர். நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு 9 மீட்டரில் 38 லிட்டரும், 18 மீட்டரில் 56 லிட்டரும் செலவாகும். அதாவது முன்னதில் 43 நிமிடம், பின்னதில் 29 நிமிடம். பதற்றமும் குளிரும் இந்தக் கணக்கை இன்னும் சுருக்கும்.

கேள்வி: தீவில் பல டைவ் சென்டர்கள் இருக்கின்றன. நல்லதை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். சான்றிதழையும், கடைசியாக எப்போது இறங்கினீர்கள் என்பதையும், மருத்துவப் படிவத்தையும் கேட்காமல் பணத்தை வாங்கிக்கொள்ளும் இடத்தில் நான் இறங்க மாட்டேன். நீங்கள் கேட்க வேண்டியவையும் உண்டு. ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, நைட்ரஜன் குமிழிகளால் பாதிக்கப்பட்டவருக்கான அழுத்தச் சிகிச்சை அறை தீவிலேயே இருக்கிறதா அல்லது வேறு ஊருக்கு எடுத்துச் செல்ல வேண்டுமா, எல்லோரும் நீரில் இருக்கும்போது படகில் ஆள் இருப்பார்களா என்று மின்னஞ்சலிலேயே கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். சாதாரணப் பயணக் காப்பீடு பல சமயங்களில் டைவிங்கை விலக்கிவைக்கிறது அல்லது ஆழ வரம்பு விதிக்கிறது. சிகிச்சை அறைக்கும் விமான மீட்புக்கும் சேர்த்துத் தனிக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. அவளும் இறங்கலாமா?

பதில்: கடலில் ஸ்கூபா பயிற்சிக்குப் பொதுவான குறைந்தபட்ச வயது 10. இந்த முறை ஸ்னார்க்கெலிங், அதாவது குழாய் வழியே மூச்சுவிட்டபடி நீர்மட்டத்தில் மிதந்து பார்ப்பது, போதும். உப்புநீர் வாயில் பட்டால் பதறாமல் துப்பப் பழகிவிட்டால், அடுத்த ஆண்டு அவளுக்குப் பாதிப் பயிற்சி முடிந்தது போல.

கேள்வி: எல்லாம் பதிவு செய்துவிட்டோம். கணவருக்கு உற்சாகம், எனக்குப் பயம். படகில் ஏறிய பிறகு வேண்டாம் என்று சொன்னால் எல்லோருக்கும் தொந்தரவாகுமே?

பதில்: ஆகாது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். எந்த டைவரும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே ஒரு முக்குளிப்பை நிறுத்திக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது என்பது இந்தத் துறையில் எல்லோரும் மதிக்கும் வழக்கம். முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் சிலிண்டரை மாட்டிக்கொண்டு படகின் விளிம்பில் உட்கார்ந்தவர், சற்று நேரம் நீரைப் பார்த்துவிட்டு, "இன்று வேண்டாம்" என்று கழற்றி வைத்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். வழிகாட்டி தலையசைத்துவிட்டு அடுத்தவரின் பட்டையைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

கணவரோடு வீட்டிலேயே ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். நிலத்தில் கட்டைவிரலை உயர்த்தினால் 'நன்று' என்று பொருள். நீருக்கடியில் அதற்கு 'மேலே போவோம்' என்று மட்டுமே பொருள்; நலமாக இருக்கிறேன் என்று சொல்ல, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். நீங்கள் கட்டைவிரலை உயர்த்திய கணத்தில், அவர் எந்த மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், அதே சைகையைத் திருப்பிக் காட்டி உங்களோடு மேலேற வேண்டும் என்று இருவரும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். மேலேறுவது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாத வேகத்தில், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று.